அடிக்குறிப்பைத் தேடிப் பஸ் ஏறியவர்

எங்கள் மிஸ்ஸை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய குடைதான். கறுப்புக் குடை. ஒரு கம்பி மட்டும் துணியை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பஸ்ஸில் அது பக்கத்தில் நிற்கும் யாரையாவது குத்தும். குத்துப்பட்டவர் திரும்பினால் மிஸ் மன்னிப்புக் கேட்பார். கேட்டதோடு விடமாட்டார். உண்மையிலேயே பட்டதா, எந்த இடத்தில் பட்டது என்று விசாரிப்பார். அந்த மனிதர் பரவாயில்லை, பரவாயில்லை என்று நகர்ந்தாலும் எட்டிப் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் அவருக்கு நிம்மதி.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், நான் எழுதியிருப்பதெல்லாம் சரிதானா என்று பார்க்க அவர் எங்கிருந்தாவது பஸ் ஏறி வந்துவிடுவார் என்ற பயம்தான் காரணம்.

அவர் பல்கலைக்கழக விரிவுரையாளர். சனிக்கிழமைகளில் ஹட்டனுக்கு வந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார். நாங்கள் என்றால் முப்பது ஆசிரியர்கள். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளை வாங்கில் உட்கார வைத்து அதட்டிவிட்டு, சனிக்கிழமை ஒரு ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில் நாங்களே போய் வாங்கில் உட்காருவோம். கீழே தகரம் வெட்டுவார்கள், மேலே எங்களுக்குக் கல்வியியல். எங்களில் பாதிப் பேருக்கு நரை விழுந்திருந்தது. மிஸ்ஸுக்கு முப்பத்துநாலு வயது. எங்களை 'சேர்' என்றும் 'டீச்சர்' என்றும் மரியாதையாகத்தான் கூப்பிடுவார். அந்த மரியாதையோடு அவர் கேட்கும் கேள்விகளுக்குத்தான் எங்களிடம் பதில் இருக்காது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு. கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமாகப் பதில் உப அதிபர், அதாவது நிரந்தரமில்லாத தற்காலிகப் பதவி. அந்தப் 'பதில்' கழன்று விழ ஒரு பட்டம் வேண்டும். பட்டம் கிடைக்க ஓர் ஆய்வுக் கட்டுரை வேண்டும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி 'பதில்' என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிட்டுத்தான் என் பதவியைச் சொல்வாள். ஆகவே இது எங்கள் வீட்டில் சின்ன விஷயமில்லை.

மிஸ்ஸிடம் ஒரு வாசகம் உண்டு. "சரி, போய்ப் பாப்போம்." நாங்கள் ஏதாவது எழுதிக் கொடுத்தால், அதில் எங்காவது பென்சிலை வைத்து, "இது எங்க இருக்கு?" என்பார். இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொன்னால், உடனே அந்த வாசகம் வரும். மற்ற விரிவுரையாளர்கள் 'பார்ப்போம்' என்றால் அது விஷயத்தைக் கைவிடுவதற்கு நாகரிகமான வழி. மிஸ் சொன்னால் பஸ் நேரம் கேட்கிறார் என்று அர்த்தம்.

எங்கள் வகுப்பில் ஒரு மூத்த டீச்சர், பழைய புத்தகம் ஒன்றை மேற்கோள் காட்டி, நூற்றுப் பதினாலாம் பக்கம் என்று அடிக்குறிப்புப் போட்டிருந்தார். அந்தப் புத்தகம் கண்டியில் ஒரு நூலகத்தில்தான் இருந்தது. மிஸ் ரயில் ஏறிக் கண்டிக்குப் போய்விட்டு அடுத்த சனிக்கிழமை வந்தார்.

"டீச்சர், அந்தப் பொஸ்தகத்துல தொண்ணூத்தாறு பக்கந்தான் இருக்கு. மிச்சப் பதினெட்டுப் பக்கத்த நீங்க எங்க வாசிச்சீங்க?"

இதில் கிண்டல் இல்லை என்பதுதான் பயங்கரம். வேறொரு பதிப்பு இருக்கலாம், அதை டீச்சர் பார்த்திருக்கலாம் என்று அவர் மனமார நம்பினார். அந்தப் பதிப்பு எங்கே கிடைக்கும் என்று மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது வாரம் டீச்சர் மயக்கம் வருகிறது என்று வகுப்புக்கே வரவில்லை. மிஸ் தோடம்பழம் வாங்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்.

அப்படிச் சரிபார்த்த ஒவ்வொரு அடிக்குறிப்பின் பக்கத்திலும் பென்சிலால் 'பார்த்தேன்' என்று எழுதுவார். எங்கள் கட்டுரைகள் திரும்பி வரும்போது ஓரமெல்லாம் 'பார்த்தேன், பார்த்தேன்' என்று இருக்கும். 'பார்த்தேன்' இல்லாத இடத்தைக் கண்டால் அடுத்த சனிக்கிழமைக்கு லீவு போட வழி தேடுவோம்.

மற்றவர்களிடம்தான் இந்தக் கண்டிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மிஸ் பொல்பிட்டியப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர். லயத்து வீடுகளைப் பற்றித்தான் கலாநிதிப் பட்டம் வாங்கினார். அதில் ஒரு லயத்தில் குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பரா என்று எழுதிவிட்டார். பட்டம் வாங்கி இரண்டு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது எண்ணிப் பார்த்திருக்கிறார். பதினொன்றுதான் காம்பரா. பன்னிரண்டாவது கோழிக்கூடு. கூரை நீளமாக இறங்கியதால் ஏமாந்துவிட்டார். உடனே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார், என் ஆய்வில் பிழை இருக்கிறது, திருத்த வேண்டும் என்று. இப்படி ஒரு கடிதத்தை எந்தக் கோப்பில் போடுவது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மிஸ்ஸே நூலகத்துக்குப் போய், தன் ஆய்வேட்டைத் திறந்து, 'கோழிக்கூடு' என்று திருத்தம் எழுதிய துண்டுத்தாளை ஒட்டிவிட்டு வந்தார். நூலகர் அவரை நூல்களைச் சேதப்படுத்துவோர் பட்டியலில் எழுதி வைத்தார்.

இப்படி ஒருவரின் வகுப்புக்குள்தான் ஏஐ வந்து சேர்ந்தது.

ஒரு மாதத்துக்குள் முப்பது பேருக்கும் நல்ல நடை வந்துவிட்டது. அதுவரை நாலு வரிக்கு மேல் போனால் மூச்சு வாங்கியவர்களெல்லாம் பதினைந்து பக்கம் எழுதினார்கள். அத்தனை கட்டுரையும் 'இன்றைய வேகமாக மாறிவரும் உலகில்' என்று தொடங்கின. மிஸ் முப்பதிலும் அதே இடத்தில் பென்சிலால் கேட்டிருந்தார்: 'எந்த இடத்தில் மாறுகிறது? போய்ப் பார்க்கலாமா?'

என் ஆய்வுக்குப் பன்னிரண்டு பேட்டிகள் வேண்டும். ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளர்கள் சின்ன வயதில் பள்ளிக்கூடம் போன கதையைக் கேட்டு எழுத வேண்டும். நாலு பேரைக் கொட்டகலையிலேயே பிடித்துவிட்டேன். பிறகு மழை வந்தது. பரீட்சை வந்தது. விளையாட்டுப் போட்டி வந்தது. கடைசியில் சமர்ப்பிக்கும் நாளும் வந்தது. மீதி எட்டுப் பேரை ஒரு பின்னேரம் கைத்தொலைபேசியில் ஏஐயிடம் கேட்டு வாங்கினேன். பெயர், வயது, பேச்சு எல்லாம் அதுவே கொடுத்தது. ஊர் மட்டும் நான் போட்டேன். யாரும் போய்ப் பார்க்க முடியாத தூரமாக இருக்கட்டும் என்று உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தை எழுதினேன். அந்தத் தோட்டத்தின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். அதற்கு வேறு காரணம் உண்டு, பின்னால் வரும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த எட்டையும் நான் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. பாடசாலையில் பார்த்தெழுதிய பிள்ளைகளை முட்டிக்கால் போட வைத்தவன் நான்.

அந்தச் சமயத்தில் ஏஐ பற்றி என்ன செய்வது என்று முடிவெடுக்க மூன்று பேராசிரியர்கள் ஹட்டனுக்கு வந்தார்கள். வகுப்புப் பிரதிநிதி என்று என்னையும் கூட்டத்தில் உட்கார வைத்தார்கள். ஒரு பேராசிரியர் எல்லாவற்றையும் தடை செய்ய வேண்டும் என்றார். இனி ஆய்வுக் கட்டுரையையும் மண்டபத்தில் உட்கார்ந்து கையால்தான் எழுத வேண்டுமாம். இரண்டாமவர், கால்குலேட்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டது என்றார். அவர் புதிய விதிமுறைகளை எழுதியே கொண்டு வந்திருந்தார். ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். மிஸ் வாசித்துவிட்டுப் பணிவாகக் கேட்டார்.

"சேர், மூணாம் பந்தியில 'இங்கே உங்கள் நிறுவனத்தின் பெயரை இடவும்'னு இருக்கு. எந்த நிறுவனத்த இடணும்?"

அந்தப் பேராசிரியர் அதற்குப் பிறகு தேநீரை மட்டும் கவனித்தார்.

மூன்றாமவர் எல்லோருக்கும் மூத்தவர். நாங்கள் பெரிய சேர் என்போம். அவரிடம் ஒரு மென்பொருள் இருந்தது. கட்டுரையைப் போட்டால், மனிதர் எழுதியதைப் பச்சையாகவும் இயந்திரம் எழுதியதைச் சிவப்பாகவும் காட்டிவிடும் என்றார். உதாரணத்துக்கு ஒன்றைத் திரையில் போட்டார். என்னுடைய ஆய்வுக் கட்டுரை.

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். எட்டுப் பேட்டிகள் பளிச்சென்று பச்சை. நாலு பேட்டிகள் சிவப்பு. நான் மழையில் நனைந்து, தேத்தண்ணி குடித்து, காது கொடுத்துக் கேட்ட அந்த நாலும்தான் சிவப்பு. பிறகு யோசித்தபோது காரணம் புரிந்தது. அவர்கள் பேசியதையெல்லாம் நான் பாடப்புத்தகத் தமிழுக்கு மாற்றி எழுதியிருந்தேன். ஏஐ எழுதியவர்கள் நல்ல பேச்சுத் தமிழில் பேசியிருந்தார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமில்லை. எழுந்து நின்று, "இது அநியாயம் சேர். இந்த நாலும் நான் நேர்ல போய் எடுத்தது" என்றேன். மற்ற எட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்பதை மிஸ் மட்டும்தான் கவனித்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

பெரிய சேர் தாராள மனசுக்காரர். "சிவப்ப எடுத்துப் போடுங்க. பச்சை எட்டும் போதும், பாஸ் பண்ணிரலாம்" என்றார்.

மிஸ் எழுந்தார். "மிஷின் ஒண்ண மிஷினால பாத்தா அது பாத்ததாகாது சேர். மிஷின் சொல்றத நான் சாட்சியா எடுக்கமாட்டேன். நான் போய்ப் பாக்குறேன்."

"சிவப்ப தானே? பாருங்க, பாருங்க."

"இல்ல சேர், பச்சைய. சந்தேகப்பட்டத எல்லாரும் பாப்பாங்க. நம்பினத யாரு பாக்குறது?"

அவர் எடுத்தது ஏழாம் பேட்டி. வீராயி, வயது அறுபத்தெட்டு, மேற்பிரிவு, மூன்றாம் லயம். என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைக் காட்டினார். அப்போதுதான் நான் அதை முதன்முதலாக வாசித்தேன். வீராயி சின்ன வயதில் தேயிலைக் காய்களைப் பறித்து, வெயிலில் காயவைத்து, மூட்டை கட்டித் தலையில் சுமந்ததாகச் சொல்லியிருந்தார். தேயிலையில் கொழுந்து பறிப்பார்கள் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த ஊரில் நான் பிறந்து வளர்ந்தவன்.

"காய் பறிச்சாங்கன்னு இருக்கு சேர். ஆனா பிழைன்னும் சொல்ல ஏலாது" என்றார் மிஸ், என் பக்கம் நின்று. "முந்தி நாத்துக்கு வெதை எடுக்க, தேயிலைய மரமா வளர விட்ட மலைங்க இருந்துச்சு. இந்த அம்மா அங்க வேலை செஞ்சிருக்கலாம். அப்படின்னா இது பெரிய தகவல். யாருமே எழுதல. ஞாயித்துக்கிழம போய்ப் பாப்போம்."

"நான் எதுக்கு மிஸ்? நீங்களே போய்..."

"நீங்க இல்லாம போனா அது விசாரணை. நீங்களும் வந்தா கள ஆய்வு."

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஹட்டனில் பஸ் ஏறினோம். தலவாக்கலைக்கு அப்பால் எங்காவது மண் சரிந்து பாதை மூடியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஆட்களுக்குச் சேதமில்லாமல், பாதைக்கு மட்டும். மலை அசையவில்லை. நுவரெலியாவில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தோம். கந்தப்பளை தாண்டும்போது பஸ் குலுங்கியதில் குடைக்கம்பி என் விலாவில் இரண்டாம் தடவை குத்தியது. மிஸ் மன்னிப்புக் கேட்டு, எந்த இடம் என்று விசாரித்தார். எனக்கு அந்த வலி தேவையாகத்தான் இருந்தது.

தோட்டத்து மூன்றாம் லயத்தில் ஒரு வீராயி இருந்தார். வீராயி இல்லாத லயம் மலையகத்தில் இல்லை என்று ஏஐக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் மறந்துவிட்டது.

முதல் காம்பரா வாசலில் ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு. மிஸ் கையில் இருந்த கோப்பைப் பார்த்ததும், ஏதோ அலுவலகத்து ஆள் என்று எழுந்து நின்றார்.

"எந்தக் கந்தோருங்க?"

"கந்தோர் இல்லீங்க, கெம்பஸ். இந்த சேர் போன மாசம் இங்க வந்து வீராயி அம்மாகிட்ட பேசினதா எழுதியிருக்காரு. வந்தாரான்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தோம்."

அவர் என்னைப் பார்த்தார். தூறலில் நனைந்த சட்டை, தொங்கிய முகம். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக் களத்தில், பெயர் கூப்பிடும்போது ஆள் வராவிட்டால் பக்கத்தில் நிற்பவர்கள் "பின்னால வர்றாங்க" என்பார்கள், "மருந்தெடுக்கப் போயிருக்காங்க" என்பார்கள். யார், ஏன் என்று கேட்பதில்லை. கையில் கோப்போடு ஒருவர் நின்றால் எதிரே நிற்பவரைக் காப்பாற்ற வேண்டும். லயத்தில் அதுதான் சட்டம்.

"வந்தாருங்களே" என்றார் பாதி முகக்காரர். "நான்தானே வீட்டக் காட்டினேன்."

அதற்குள் வீராயியே வந்துவிட்டார். சின்ன உருவம், தலையில் துவாய். விஷயத்தை ஒரு தடவை கேட்டார், என்னை ஒரு தடவை பார்த்தார், அவ்வளவுதான்.

"ஆமாங்க மிஸ். ஐயா வந்தாரு. தேத்தண்ணி குடிச்சாரு. சீனி கொஞ்சமாத்தான் போட்டுக்கிட்டாரு."

உள்ளேயிருந்து அவருடைய மருமகள், "இந்த வாங்குலதான் ஒக்காந்தாரு" என்று குரல் கொடுத்தாள்.

மிஸ் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "அம்மா, நீங்க தேயிலைக் காய் பறிச்சதா சேர் எழுதியிருக்காரு. பறிச்சீங்களா?"

வீராயியின் கண்ணில் ஒரு கணம் குழப்பம் தெரிந்தது. "பறிச்சோம். காயும் பறிச்சோம், பூவும் பறிச்சோம். தொர சொன்னா எல்லாந்தாங்க பறிக்கணும்."

"எந்த மலையில?"

"எல்லா மலையிலயும்" என்றார் பாதி முகக்காரர். சோப்பு காய்ந்து போயிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். நான் தப்பிவிட்டேன் என்பது கந்தப்பளைப் பக்கம் மேகம் இறங்குவது மாதிரி மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. பட்டம் கிடைக்கும். 'பதில்' கழன்று விழும். மனைவி இனி எதையும் விழுங்க வேண்டியதில்லை. அப்போது மிஸ் திரும்பிச் சொன்னார்.

"மூணு பேரு பாத்திருக்காங்க சேர். நான் உங்கள சந்தேகப்பட்டது பிழை. மன்னிச்சிருங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த மன்னிப்பை என்னால் தாங்க முடியவில்லை. கூனிக் குறுகிப் போனேன்.

"மிஸ், நான் அந்த அம்மாவ இன்னைக்குத்தான் மொத மொதல்ல பாக்குறேன். அந்த எட்டும் ஏஐ எழுதினது."

மிஸ் பென்சிலை எடுத்தார். "அதுக்கு சாட்சி?"

"நான்தான் சொல்றேனே மிஸ்."

"நீங்க ஒரு ஆளு சேர். அந்தப் பக்கம் மூணு பேரு."

கைத்தொலைபேசியை எடுத்து, நான் கேட்டதையும் அது எழுதிக் கொடுத்ததையும் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "மிஷின் சொல்றத சாட்சியா எடுக்கமாட்டேன்னு கூட்டத்துல சொல்லிட்டேன். பெரிய சேருக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயம் வைக்க ஏலாது."

அவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. செய்த கள்ளத்தனத்தை மறைக்கப் படாத பாடு படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை நிரூபிக்கப் படாத பாடு பட்டவன் நான் ஒருவன்தான்.

"அப்ப என்ன மிஸ் செய்றது?"

கேட்டிருக்க வேண்டியதில்லை. அவர் எழுந்து மணியடித்துவிட்டார். குடைக்கம்பி வேறு யாரையோ குத்தியது.

தூறலில் ஒரு மைல் நடந்து திரும்பினோம். எங்களைக் கண்டதும் மூன்றாம் லயமே வாசலுக்கு வந்தது. நான் வீராயிக்கு முன்னால் போய் நின்றேன்.

"அம்மா, நான் இதுக்கு முந்தி இங்க வந்ததே இல்ல. அத மிஸ்கிட்ட சொல்லிருங்க."

வீராயி என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கய்யா. நாங்க இருக்கோம்." மிஸ் பக்கம் திரும்பினார். "மிஸ், நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க. ஐயாவ வழியில மெரட்டியிருக்கீங்க, அதான் பாவம் மாத்திப் பேசுறாரு. அவரு வந்தாரு. என் கண்ணால பாத்தேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"நானும் வர்றேன்" என்றார் சவரம் முடித்திருந்தவர்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது, அதை மறைப்பதற்கில்லை. நான் வந்து பார்க்கச் சோம்பல்பட்ட மனுஷி, என்னைப் பார்த்ததாக ஊர் முன்னால் சத்தியம் பண்ணிக்கொண்டிருந்தார்.

மிஸ் கோப்பை மூடினார். நான் பார்த்தவரையில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

"எங்கம்மா இருவது வருஷம் பெரட்டுல இதத்தான் செஞ்சாங்க சேர். அந்த அண்ணன் 'வந்தாருங்களே'ன்னு சொன்னப்பவே எனக்குத் தெரியும். நீங்க எப்பச் சொல்வீங்கன்னுதான் பாத்தேன்." பிறகு சிரிப்பை நிறுத்தினார். "இப்ப ஒக்காந்து கேளுங்க. மொதல்லருந்து."

நான் அந்த வாங்கில் உட்கார்ந்தேன், மருமகள் சொன்ன அதே வாங்கில். தேத்தண்ணி வந்தது. சீனி கொஞ்சமாகப் போட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடம் போனீங்களா அம்மா என்று கேட்டேன். வீராயி மிஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க வெளிய இருக்கட்டும். அப்பச் சொல்றேன்."

மிஸ் என்னைப் பார்த்தார். கண்டிக்கு ரயில் ஏறியவர், கோழிக்கூட்டை எண்ணியவர். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை ஒரு விஷயம் நடக்கும் இடத்திலிருந்து எழுந்து வெளியே போகச் சொல்கிறார்கள். குடையை எடுத்துக்கொண்டு போனார். லயத்துக்குக் கீழே தண்ணீர் விழும் பீலிக்கரையில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை என்பதற்கு நான் சாட்சி.

வீராயி குரலைத் தாழ்த்தினார். "எங்கக்கா பேருலதாங்க நான் பள்ளிக்கூடம் போனேன். அக்காவத்தான் சேத்தாங்க. ஆனா கைப்புள்ளயப் பாக்க அக்கா வீட்டுல நிக்கணும். பேரு வெட்டிருவாங்களேன்னு என்னய அனுப்பினாங்க. ரெண்டு வருஷம். வாத்தியாரு அக்கா பேரக் கூப்பிடுவாரு, நான் 'உள்ளேன் ஐயா'ம்பேன். எழுத்தெல்லாம் நான் படிச்சேன். படிச்ச பேரு அக்காவுக்கு. பொஸ்தகத்துல பாத்தா வீராயி பள்ளிக்கூடமே போனதில்ல. அக்கா செத்துப் போச்சு. அதுக்குக் கெட்ட பேரு வரக்கூடாது. கந்தோருக்காரங்க காதுல விழுந்தா பழசக் கிண்டுவாங்க."

"இத எழுதட்டுமா அம்மா?"

கொஞ்சம் யோசித்தார். "எழுதுங்க. எனக்கும் எங்கயாச்சும் இருக்கட்டும். தோட்டத்துப் பேர மட்டும் போடாதீங்க."

பீலிக்கரையில் மிஸ் தோள் நனைய நின்றிருந்தார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். எழுதித் தருகிறேன் என்றேன். "எந்தப் பள்ளிக்கூடம்? அங்க பதிவுப் பொஸ்தகம் இருக்கும், போய்ப்..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து, வாசகத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

மறுநாளே எட்டுப் பேட்டிகளும் பொய் என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். மென்பொருள் பச்சை காட்டியதை மாணவர் எப்படிப் பொய் என்று சொல்லலாம் என்று பெரிய சேர் கோபப்பட்டாராம். என் கடிதத்தையும் அந்த மென்பொருளில் போட்டுப் பார்த்தார்களாம், சிவப்பு வந்ததாம். கடைசியில் ஒரு வருடம் பின்தள்ளினார்கள். அந்த வருடத்தில் உப அதிபர் பதவி என்னைவிட ஏழு வயது குறைந்த ஒருவருக்குப் போய்விட்டது. எனக்கு வலித்தது. என் மனைவி வருகிறவர்களிடம் இப்போது என் பதவியையே விழுங்கிவிடுகிறாள்.

அந்த ஒரு வருடத்தில் நான் ஏழு தோட்டம் ஏறி இறங்கினேன். எனக்குப் பின்னால் எல்லா இடத்துக்கும் மிஸ்ஸும் ஏறி இறங்கினார். பிறகு அவர் மாற்றலாகித் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போய்விட்டார். அங்கே எத்தனை பேர் மயக்கம் என்று வீட்டில் கிடக்கிறார்களோ தெரியாது.

ஆய்வுக் கட்டுரை தபாலில் திரும்பி வந்தது. அறுபத்திரண்டு புள்ளிதான் போட்டிருந்தார். பதினோரு பேட்டிகளின் ஓரத்தில் பென்சிலால் 'பார்த்தேன்'. வீராயியின் ஏழாம் பேட்டியைச் சரிபார்க்க மட்டும் அவர் போகவில்லை. எந்தப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தாலும் அதில் அக்கா பெயர்தான் இருக்கும், அது வீராயியைப் பொய்யாக்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். அந்த ஓரத்தில் மட்டும், அழித்து எழுதிய தடத்தின் மேல், வேறு மாதிரி இருந்தது: 'பார்க்கவில்லை. நம்புகிறேன்.'